அடிப்பூச்சு

உப்புவெளி வீட்டு வேம்பின் கீழ்
நாலு சீமெந்துக் கல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன்
ஐம்பத்தோராம் ஆண்டு ஒஸ்ரின் காரின் எலும்பை.
உடம்பு வேறாய்க் கொட்டிலில்.
கதவுகள் கட்டிலுக்குக் கீழே,
இரவில் புரண்டால் காலில் இடிக்கும்.

முதற் பிழை என்னுடையது.
மலிவாய்க் கிடைத்த சிவப்பு ஒக்சைட்,
அதன்மேல் ஜன்னல் கம்பிக்கு வாங்கி மிஞ்சிய கறுப்பு எனாமல்.
தொட்டேன், ஒட்டவில்லை,
காய்ந்துவிட்டது என்று நம்பினேன்.
அநுராதபுரச் சந்தியிலிருந்து கொம்பிரசரும் துவக்குமாய்
பெனடிக் வந்து அதன்மேல் டூ-பாக் அடித்தான்.
கால்மணி நேரம் கண்ணாடி.
பிறகு
சட்டித் தயிரின் ஆடையை விரலால் தள்ளினதுபோல்
முழு நீளத்துக்கும் சுருங்கி எழும்பியது.
"அக்கா, இது என்ர கைப்பிழை இல்ல."
உண்மைதான்.
கீழே கிடந்தது மேலே வந்ததைத் தாங்கவில்லை.

கின்னியாவிலிருந்து பாலம் கடந்து வந்து
கடை திறக்கும் ஹிதாயா
நிற அட்டையை எனக்குக் காட்டவேயில்லை.
"மேல என்ன அடிக்கிற எண்டு கேக்கிற ஆக்கள்தான் கூட.
கீழ என்ன கிடக்கு எண்டு பாத்தீங்களா?"
ஒரு சிறு போத்தல் தின்னர், ஒரு வெள்ளைத் துணி.
"தேச்சுப் பாருங்க. துணியில நிறம் வந்தா ஒரு சாதி,
சுருங்கினா இன்னொரு சாதி.
அசையாமக் கிடந்தா வந்து சொல்லுங்க."

எனக்கும் விமலகாந்தனுக்கும்
பத்தில் எட்டுப் பொருத்தம் என்று சாத்திரி எழுதிய கடதாசி
இப்போதும் காணி உறுதிக் கட்டுக்குள் இருக்கிறது.
ஒருவரும் துணியால் தேய்த்துப் பார்க்கவில்லை.
பிரிந்தபோது கார் எனக்கு,
வங்கிக் கடனில் பாதி அவருக்கு.

மூன்று ஞாயிறு சுரண்டினேன்.
சுருங்கிய கறுப்பு, என் சிவப்பு,
அடியில் யாரோ அடித்த பச்சை,
துணியில் பச்சையாகவே வந்தது.
அதற்கும் கீழ், பின் குறுக்குச் சட்டத்தில்,
ஒரு முழ நீளம் சாம்பல்.
தின்னருக்கு மசியவில்லை.
உளி வழுக்கிக்கொண்டு போயிற்று.
கப்பலுக்குப் பூசுகிற சாம்பல்.
டொக்யாட்டில் வேலை பார்த்த எவனோ
எந்த இரவோ ஒரு வாளியைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறான்.
கடற்காற்றை அறிந்த கள்வன்.
பெயின்ட் போதாமல் பாதியில் நிறுத்தியிருக்கிறான்.
அவன் பூசின இடத்தில் மட்டும் துரு இல்லை.

அசையவில்லை என்று போய்ச் சொன்னேன்.
ஹிதாயா அன்றுதான் சிரித்தாள்.
"அப்ப அத விடுங்க. மினுக்கத்த மட்டும் உரஞ்சி எடுங்க.
மத்தெல்லாம் இரும்பு வரைக்கும் இறங்கோணும்.
பிறகு எபொக்சி. அது ரெண்டையும் பிடிக்கும்."
கலந்தபின் அரைமணி பொறு.
அடுத்த பூச்சு ஒரு நாளுக்குள்.
தவறினால் திரும்ப உரஞ்சு.
மூக்குக்குக் கவசம், இது முக்கியம்.
ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள்,
அவளுடைய பென்சிலாலேயே.

முதல்நாள் கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கழுவினேன்.
பகல் முழுக்கக் கச்சான் அடித்துக் காய வைத்தது.
மறுநாள் விடிய, அது எழும்பிப்
புழுதியை அள்ளிக்கொண்டு வருமுன்
பெனடிக்கும் நானும் அடித்து முடித்தோம்.
காகம் ஒன்று வேம்பிலிருந்தது.
கல்லெறிந்தேன்.

உடம்பு ஏறினால் ஒருவரும் பார்க்கப்போவதில்லை
இந்த இடத்தை.
கிடங்கில் சில்லு விழும்போது
தண்ணீர் மட்டும் பார்க்கும்.

ஏழாம் நாள் பெருவிரல் நகத்தால் அழுத்தினேன்.
தழும்பு விழவில்லை, நகம்தான் நொந்தது.
அன்று மாலை விமலகாந்தன் எடுத்தார்,
கடன் கட்டுகிற திகதி பற்றி.
வைக்கப்போகையில்,
கார் என்ன நிறம் என்று கேட்டார்.

இன்னும் நிறத்துக்கு வரவில்லை
என்றேன்.